அல்பேட்டின் மூன்றாவது நூறு மீற்றர்

அல்பேட் இறந்து ஐந்து மாதங்களுக்குப் பிறகு, 1993ஆம் ஆண்டு ஜூலை மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, கனடாவின் மில்லிக்கன் பூங்காவில் நடந்த பழைய மாணவர் சங்க விளையாட்டுப் போட்டியில், நாற்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான அஞ்சலோட்டத்தின் மூன்றாவது நூறு மீற்றரை ஓடினார். அன்று வெயில் முப்பது பாகை. தின்பதற்கு வைத்த ரோல்ஸ் பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. ஒடியல் கூழ் மட்டும் மூன்று மணிவரை தாக்குப்பிடித்தது. அல்பேட்டை யாரும் காணவில்லை. அவர் கையில் இருந்த கோலை எல்லோரும் கண்டார்கள். அகஸ்ரின், தான் வேலை செய்யும் ஃபக்ரறியில் ஓர் அலுமினியக் குழாயை ஓரடி நீளத்துக்கு அறுத்து, கல்லூரியின் அரக்கு நிறத்தைப் பூசிக் கொண்டுவந்த கோல் அது. இடுப்புக்குச் சற்று மேலே, ஓடுகிறவனின் கைவீச்சுக்கு ஏற்றபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, வளைவைச் சுற்றி அது தனியே வந்தது. நேரம் குறிக்க நின்றவர் பன்னிரண்டு விநாடி எட்டு என்று குறித்தார். சங்கத்தின் செயலாளர் சச்சிதானந்தன் எழுத்தில் இல்லாத எதையும் நம்பாத மனிதர். அவரே பேனையை எடுத்து, படிவத்தில் ‘மூன்றாம் ஆள்: அல்பேட்’ என்று எழுதிய பிறகு, அதைப் பற்றி விவாதிக்க யாருக்கும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

உண்மையில் அன்று வேறு திட்டம்தான் போட்டிருந்தார்கள். முதலாம் ஆள் செல்வரட்ணம், இரண்டாம் ஆள் அகஸ்ரின். அகஸ்ரின் மூன்றாம் ஆளின் இடத்துக்கு வந்ததும் கோலைப் புல்லில் வைத்துவிட்டு நிற்பது, கூட்டம் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக இருப்பது, அத்துடன் சரி. நான்காம் ஆளான நவரட்ணம் தன் இடத்தில் ஒரு மரியாதைக்காகத்தான் நின்றார். ஆனால் அகஸ்ரினுக்குப் பழக்கதோஷம். ஓடி வந்த வேகத்தில் ‘கை!’ என்று கத்தி, கோலை முன்னே நீட்டிவிட்டார். யாரோ அதை வாங்கிக்கொண்டார்கள்.

இந்த நால்வரும் யாழ்ப்பாணத்தில் ஒரே கல்லூரியில், ஒரே விடுதியில், ஒரே அறையில் படுத்தெழும்பியவர்கள். அறுபத்தாறில் கல்லூரியின் அஞ்சலோட்ட அணியும் இவர்கள்தான். கோலை வாங்குகிறவன் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது, முன்னே பார்த்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பின்னால் வருகிறவன் ‘கை!’ என்றதும் கையைப் பின்னுக்கு நீட்ட வேண்டும், மிச்சம் வருகிறவனின் பொறுப்பு என்று பயிற்றுவித்த ஆசிரியர் ஒருநாள் சொல்லிக்கொடுத்தார். அதை அவர் மைதானத்துக்காகத்தான் சொன்னார். இவர்கள் நால்வரும் அதைச் சீவியத்துக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். சவர்க்காரமோ, வாழைப்பழமோ, வீட்டிலிருந்து வந்த கடிதமோ, அந்த அறைக்குள் எதைக் கொடுப்பதென்றாலும் பின்னால் வந்து ‘கை!’ என்று சொல்லித்தான் கொடுப்பது, திரும்பாமல்தான் வாங்குவது. இருபது வருடங்களுக்குப் பிறகு நாட்டில் மூண்ட சண்டை ஆளுக்கொரு திசையாகக் கலைத்து, கடைசியில் பார்க்டேலில் ஓர் அப்பார்ட்மென்டில் நாலு மெத்தைகளில் மறுபடியும் நால்வரையும் கொண்டுவந்து போட்டபோது, சோற்றுக் கோப்பையும் அதே முறையில்தான் கை மாறியது. பின்னர் மனைவிமார் வந்து சேர்ந்தார்கள். வந்த இரண்டாம் நாள், தேநீரைக் கொண்டுவந்த ரதி, தன் கணவர் நவரட்ணம் திரும்பியும் பாராமல் கையைப் பின்னுக்கு நீட்டியதைக் கண்டு, கனடா வந்து ஆளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று முடிவுகட்டி, இரண்டு நாள் தேநீரே போடவில்லை. பிறகு அவரும் பின்னால் நின்று கொடுக்கப் பழகிக்கொண்டார்.

இனி, அறுபத்தாறில் நடந்தது. கல்லூரிகளுக்கிடையிலான போட்டியின் கடைசி நாள். வளைவைச் சுற்றி அல்பேட் கோலோடு வந்தபோது மற்ற அணிகள் ஐந்தாறு மீற்றர் பின்னால் நின்றன. அல்பேட் நல்ல ஓட்டக்காரர், அந்த வட்டாரத்தில் அவரைப்போல வளைவில் ஓட ஆள் இல்லை. நவரட்ணம் புறப்பட்டு ஓடினார். ‘கை!’ என்ற சத்தமும் கேட்டது. கையை நீட்டியவர், மற்றவர்கள் எவ்வளவு தூரத்தில் வருகிறார்கள் என்று பார்க்கும் ஆசையில், ஒரு கணம் தலையைத் திருப்பினார். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கை விலகும். கோல் நிலத்தில் விழுந்தது. விழுந்த கோலை விட்டவனே எடுக்க வேண்டும் என்பது விதி. நவரட்ணம் குனிவதற்கு முன் அல்பேட் குனிந்து எடுத்து அவர் கையில் வைத்தார். யார் விட்டது என்பதற்கு மைதானம் முழுவதற்கும் அதுவே சாட்சியாகப் போயிற்று. கல்லூரி நான்காம் இடம். அடுத்த ஆண்டு அணித்தலைவர் பதவி அல்பேட்டுக்குக் கிடைத்திருக்க வேண்டியது, நவரட்ணத்துக்குக் கிடைத்தது. திரும்பிப் போகும் பேருந்தில் அல்பேட் பின் இருக்கையிலிருந்து ‘கை!’ என்றார். நவரட்ணம் கையை நீட்ட, அதில் பாதித் தோடம்பழம் வந்தது. ‘ஒருத்தன் பேச்சு வாங்கினால் காணும், மச்சான்,’ என்றார் அல்பேட். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நவரட்ணமும் எடுக்கவில்லை. முதல் வாரம் வெட்கத்தில் எடுக்கவில்லை, பிறகு வசதியாக இருந்தது, பிறகு நாள் போய்விட்டது.

ஆனால் மற்றவர்கள் அதை விடவில்லை. கல்யாணவீட்டிலும் பிறந்தநாளிலும் அல்பேட் ஒரு தட்டத்தைத் தூக்கினால், ‘கவனமடாப்பா, கோல் விட்ட கை’ என்று யாராவது சொல்வார்கள். அல்பேட் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரிப்பார். 1993 பெப்ரவரியில் ஒரு காலை, வேலைக்குப் போவதற்காகக் காரைச் சூடாக்கிக்கொண்டு இருக்கையில் அமர்ந்திருந்தவர் அப்படியே போய்விட்டார். வயது நாற்பத்தைந்து. கார் இரண்டு மணிநேரம் ஒழுங்காக ஓடிக்கொண்டு நின்றது. மாதா கோவிலில் செத்தவீட்டுப் பூசை முடிந்து அகஸ்ரின் நினைவுரை சொன்னபோது கோல் விழுந்த கதையையும் சொன்னார், அழுதுகொண்டிருந்த சனம் சிரித்தது. நவரட்ணமும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைக்க அவருக்குப் பிறகு பல நாள் சோறு இறங்கவில்லை.

மறுபடி மில்லிக்கன் பூங்கா. கோல் தனியே வளைவைச் சுற்றி வந்து, பழக்கத்தில் அடையாளமாகப் புல்லில் வைத்திருந்த செருப்பைத் தாண்டியதும், நவரட்ணத்தின் கால்கள் அவரைக் கேளாமலே ஓடத் தொடங்கின. ஏழெட்டு அடி வைத்தார். பின்னால் காலடிச் சத்தம் இல்லை, மூச்சுச் சத்தம் இல்லை, ‘கை!’ என்று ஒருவரும் கூப்பிடவும் இல்லை. அவர் திரும்பிப் பார்த்தார். கோல் அவருடைய கை இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு வந்து, அங்கே கை இல்லாததால் புல்லில் விழுந்தது. விழுந்த கோல் எழும்பவில்லை. எல்லோரும் அல்பேட் எடுப்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். செத்தவர்களால் குனிய முடியாதாக்கும் என்று ஒருவர் விளக்கம் சொன்னார். ‘செத்தும் அந்தாளின்ரை கை திருந்தேல்லை,’ என்று இன்னொருவர் சொல்ல, சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. அல்பேட் ஏன் எடுக்கவில்லை என்பது நவரட்ணம் ஒருவருக்குத்தான் விளங்கியது. விட்டவனே எடுக்க வேண்டும் என்பதுதானே விதி.

தொண்ணூற்று நான்கிலும் கோல் வந்தது, நவரட்ணம் திரும்பினார், விழுந்தது. தொண்ணூற்றைந்திலும் அப்படியே. அதற்குள் சனத்துக்கு அது பழகிவிட்டது. கோல் வளைவைச் சுற்றும்போது பாதிப் பேர் கொத்துரொட்டி வரிசையில் நின்றார்கள். வேறொரு கல்லூரியின் சங்கம், அல்பேட் வருடா வருடம் அதே வேகத்தில் ஓடுகிறார், மற்றவர்களுக்கு வயது போகிறது, இது நியாயமில்லை என்று ஒரு கடிதம் கொடுத்தது. சச்சிதானந்தன் மரண அத்தாட்சிப் பத்திரத்தைப் பார்த்து, வயது நாற்பத்தைந்து என்று இருக்கிறது, நாற்பதுக்கு மேல் என்றால் தகுதி உண்டு என்று பதில் எழுதினார். ரதி அந்த வருடம் புது வீடியோ கமராவால் ஓட்டத்தைப் பிடித்திருந்தார். வீட்டில் கசற்றைப் போட்டுப் பார்த்தபோது அவர் ஒரே இடத்தை மூன்று தரம் முன்னும் பின்னும் ஓட்டினார்.

‘இஞ்சை பாருங்கோ, அந்த மனுசன் ஒழுங்காத்தான் கொண்டு வருது. நீங்களெல்லோ திரும்புறியள்!’ என்றார். பிறகு இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘அப்ப அண்டைக்கும்…?’ என்று கேட்டார்.

நவரட்ணம் கசற்றை வெளியே எடுத்து அதன் பெட்டிக்குள் வைத்தார். ரதி கெட்டிக்காரி, அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து தேநீரைப் பின்னால் நின்று கொடுப்பதை நிறுத்தி, முன்னால் வந்து முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார். அது நவரட்ணத்துக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

1996 ஏப்ரலில் சச்சிதானந்தன் வீட்டு பேஸ்மென்டில் சங்கத்தின் செயற்குழு கூடியது. நிகழ்ச்சி நிரலில் ஏழாவது விடயம் அஞ்சலோட்டம். மூன்று வருடமாக அணி ஓட்டத்தை முடிக்கவில்லை என்பதால் அல்பேட்டை மரியாதையோடு விடுவித்து, புதிதாக நாற்பதைத் தொட்ட ஒருவரை அவருடைய இடத்துக்குப் போடலாம் என்று சச்சிதானந்தன் சொன்னார். ‘ஆளுக்கு ஓய்வு குடுப்பம். பாவம், எத்தினை வருசத்துக்கு அந்தக் கோலை விழுத்துறது?’ என்றார். அகஸ்ரினும் செல்வரட்ணமும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள். நவரட்ணம் திரும்பிப் பார்த்ததற்கு அல்பேட் ஒருமுறை தலைவர் பதவியை இழந்தார். இப்போது, செத்த பிறகும் விடாமல் வந்து ஓடுகிற மனிதர், அணியில் இருக்கும் இடத்தையே இழக்கப் போகிறார். நவரட்ணம், இந்த ஒரு வருடம் மட்டும் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டு, தேநீர் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். அடுத்த ஞாயிறு அல்பேட்டின் மனைவி பேர்ணடெற் கோவிலிலிருந்து வரும்வரை அவர் வீட்டு வாசலில் காரில் காத்திருந்தார்.

நவரட்ணம் சொன்ன கதையைப் பேர்ணடெற் கடைசிவரை கேட்டார். கையில் இருந்த செபமாலையை மேசையில் வைத்தார்.

‘நவமண்ணை, இருவத்திரண்டு வருசமா அந்த மனுசன்ரை கையிலை நான் ஒரு கண்ணாடிக் கிளாஸ் குடுக்கேல்லை. தெரியுமோ உங்களுக்கு? கலியாணத்துக்கு வந்த பன்னிரண்டு கிளாஸ். சீலையளுக்கை சுத்தி ஊரிலையிருந்து கொழும்பு, கொழும்பிலையிருந்து இஞ்சை எண்டு காவிக்கொண்டு வந்தனான். ஒரு நாள் தொடவிடேல்லை. கோல் விட்ட கை, உதுகளை விழுத்திப்போடும் எண்டு. பிளாஸ்ரிக் கப்பிலையெல்லோ அவர் தேத்தண்ணி குடிச்சவர்!’

‘தெரியும், பிள்ளை,’ என்றார் நவரட்ணம். அந்த பிளாஸ்ரிக் கோப்பையை அவர் பார்த்திருக்கிறார். பார்த்துப் பகிடியும் விட்டிருக்கிறார்.

பேர்ணடெற் முதலில் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அழுகையாகி, கொஞ்ச நேரம் அழுதார், நவரட்ணமும் அழுதார். பேர்ணடெற்றுக்கு அவர் மேல் கோபம் இருந்தது, அதைவிடத் தன் மேல் கோபம் இருந்தது, இரண்டையும்விட, ஒரு சொல் சொல்லாமல் பிளாஸ்ரிக் கோப்பையில் குடித்துவிட்டுப் போன மனிதர் மேல் ஆத்திரமும் ஆசையும் இருந்தன. முகத்தைக் கழுவிவிட்டு வந்து, ‘எனக்குச் சொன்னது காணாது. மைக்கிலை சொல்லுங்கோ,’ என்றார். பிறகு சாப்பிடாமல் போகவேண்டாம் என்று சொல்லி, இடியப்பமும் சொதியும் வைத்தார்.

அந்த வருடமும் ஜூலை மாதம் மூன்றாவது ஞாயிறுதான். காலையில் ஒரு தூறல் தூறி, பத்து மணிக்கு வெளித்தது. அஞ்சலோட்டத்துக்கு முன் நவரட்ணம் மைக்கைக் கேட்டபோது, விளம்பரம் தந்த கடைக்காரருக்கு நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து சச்சிதானந்தன் கொடுத்துவிட்டார். நவரட்ணம் நீட்டிப் பேசவில்லை. அறுபத்தாறில் கோலை விட்டது அல்பேட் அல்ல, தான் என்றார். திரும்பிப் பார்த்தது தான் என்றார். இந்த மூன்று வருடமும் விட்டதும் தான்தான், அதனால்தான் அல்பேட் குனிந்து எடுக்கவில்லை என்றார். கடைசியாக, ‘நான் அவனிட்டை மன்னிப்புக் கேக்கேல்லை. இப்ப கேக்கிறன்,’ என்று சொல்லி மைக்கைக் கொடுத்தார். பூங்காவில் முந்நூறு பேர் இருந்தார்கள். வாயில் இருந்த ரோல்ஸை மெல்லுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அகஸ்ரின் தன்னுடைய இடத்திலிருந்து நூறு மீற்றர் நடந்து வந்து நவரட்ணத்தின் முன்னால் நின்றார். முகம் சிவந்திருந்தது.

‘உந்தக் கதையை முப்பது வருசமா வயித்துக்கை வைச்சிருந்தனியே, மடையா? நானெல்லோ அவன்ரை பெட்டிக்குப் பக்கத்திலை நிண்டு அந்தக் கதையைச் சொன்னனான்!’

‘ஓம், மச்சான்.’

‘வா, ஓடுவம்,’ என்று சொல்லிவிட்டு அகஸ்ரின் மறுபடி நூறு மீற்றர் நடந்து தன் இடத்துக்குப் போனார்.

நான்கு அணிகள் ஓடின. செல்வரட்ணம் முழங்காலில் பட்டியோடு ஓடி, அகஸ்ரினிடம் கொடுத்தார். அகஸ்ரின் கத்திக்கொண்டு போய் மூன்றாம் ஆளின் இடத்தில் கோலை நீட்ட, கோல் கை மாறி வளைவுக்குள் புகுந்தது. அந்த முறை கொத்துரொட்டி வரிசையில் ஒருவரும் நிற்கவில்லை. செருப்பைத் தாண்டியதும் நவரட்ணம் ஓடினார். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. இல்லாத சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று கழுத்து இழுத்தது. அவர் தூரத்தில், கோட்டின் முடிவில், இரண்டு கையையும் வாயில் பொத்திக்கொண்டு நின்ற ரதியின் சிவப்புச் சட்டையைப் பார்த்துக்கொண்டு ஓடினார். பத்தாம் அடியில், ஒருவரும் கூப்பிடாமலே, வலக்கையைப் பின்னுக்கு நீட்டி விரலை விரித்தார். கோல் உள்ளங்கையில் வந்து அழுத்தமாக, சரியான இடத்தில் உட்கார்ந்தது. சூடாக இருந்தது. வியர்வையில் நனைந்தும் இருந்தது. அல்பேட்டுக்கு உண்மையிலேயே கை வியர்க்கும் என்பது நவரட்ணத்துக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மிச்ச நூறு மீற்றரையும் அழுதுகொண்டு ஓடியதால் வேகம் குறைந்துவிட்டது. மூன்றாம் இடம்தான் கிடைத்தது, அதுவும் இன்னொரு அணியின் கடைசி ஆளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டபடியால். அல்பேட்டின் பதக்கத்தைப் பேர்ணடெற் மேடையில் வந்து வாங்கி, கழுத்தில் போட்டுக்கொண்டு பூங்கா முழுவதும் நடந்தார். சங்கத்தின் அந்த வருட மலரில் நான்கு பெயர்களும் வரிசையாக அச்சாகின. அல்பேட்டின் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போடுவதா விடுவதா என்று கேள்வி வந்தபோது, ஓடுகிற ஆளுக்கு எதற்கு என்று சச்சிதானந்தனே விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு கோல் விழவில்லை. தொண்ணூற்றேழில் நான்காம் இடம், தொண்ணூற்றெட்டில் மறுபடி மூன்று. ரதி தேநீரைப் பழையபடி பின்னால் நின்று கொடுக்கத் தொடங்கினார்.

1999 செப்ரெம்பரில் பேர்ணடெற், மகளோடும் மருமகனோடும் ஸ்ரௌவ்வில்லில் புதுவீட்டுக்குக் குடிபோனார். சுற்றிவர இன்னும் மண்ணும் கட்டாத அத்திவாரங்களுமாக இருந்த இடம். கார் இல்லாதவர் வந்துசேர முடியாது. குருவானவர் வீட்டை ஆசீர்வதித்துவிட்டுப் போன பிறகு, பேர்ணடெற் குசினியில் ஒரு பெட்டியைத் திறந்து, சீலைத் துணியைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றி, கல்யாணத்துக்கு வந்த பன்னிரண்டு கிளாஸையும் வெளியே எடுத்தார். கழுவி, தேசிக்காய்த் தண்ணீர் வார்த்து, ஒரு தட்டத்தில் அடுக்கினார். தட்டத்தைத் தூக்கிக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார். ‘இந்தாங்கோ, பிடியுங்கோ,’ என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இரண்டு கையையும் எடுத்தார். தட்டம் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு எல்லோரும் கூடியிருந்த ஹோலுக்குள் வந்து ஒவ்வொருவர் முன்னாலும் கொஞ்ச நேரம் தரித்துத் தரித்துப் போனது. அகஸ்ரின் ஒன்றை எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார். செல்வரட்ணம் எடுத்தார். ரதியும் வந்திருந்த மற்றவர்களும் எடுத்தார்கள். சச்சிதானந்தன் ஒரு வாய் குடித்துப் பார்த்து, சீனி இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம் என்றார். நவரட்ணம் குசினிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, செல்வரட்ணத்தோடு வீட்டு வரியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். கதையை நிறுத்தாமல், திரும்பாமல், கையைப் பின்னுக்கு நீட்டினார். கடைசிக் கிளாஸ் அதில் வந்து அமர்ந்தது, விளிம்புவரை நிறைந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல்.

அன்று பின்னேரம் பேர்ணடெற் கிளாஸ்களைக் கழுவித் துடைத்து, எல்லோருக்கும் தெரியும்படி கண்ணாடி அலுமாரியில் அடுக்கினார். பன்னிரண்டும் இருந்தன.